கோரைத்திட்டு நகர்கிறது

கோரைத்திட்டு ஒரே இடத்தில் நிற்காது என்பது நெடுந்துறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறு கடலில் விழும் இடத்தில், கரையிலிருந்து படகில் கால் மணி தூரத்தில், கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரிக் கிடக்கும் மணல்மேடு அது. தெற்கு முனையைக் கடல் கடித்துத் தின்னும். தின்றதை வடக்கு முனையில் கொண்டுபோய்த் துப்பும். இப்படி வருஷா வருஷம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்த அந்தத் திட்டோடு, அதன்மேல் இருந்த நாற்பது குடும்பங்களும் நகர்ந்தன. ஆடியில் தெற்கு ஓரத்து வீடுகளைப் பிரிப்பார்கள். ஆவணி பிறந்ததும் அதே கழியும் அதே கீற்றும் வடக்கு ஓரத்தில் வீடாக நிற்கும். திணை வரும்வரை இதை ஒருவரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

பெருவெள்ளத்தில் நடந்த கூத்தைப் பார்த்த பிறகுதான் அரசாங்கம் திணையைக் கொண்டுவந்தது. அன்றைக்கு ஆற்றியல் ஆட்கள் மதகைத் திற என்றார்கள். மண்ணியல் ஆட்கள் திறந்தால் கரை நிற்காது என்றார்கள். குடியிருப்பியல்காரர்கள் முதலில் சனங்களை வெளியேற்று என்றார்கள். பொருளாதாரப் புவியியல்காரர்கள் எந்தச் சனத்தை முதலில் என்று கேட்டார்கள். எல்லோரும் புவியியல் படித்தவர்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் பேசி முடிப்பதற்குள் மூன்று ஊர்களில் தண்ணீர் கூரை ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த சட்டம் ரொம்பச் சின்னது. ஒரு பொருளுக்கு ஒரு துறை. ஒரு துறைக்கு ஒரு வாய். மலையோ ஏரியோ ஊரோ சாலையோ, மண்மேல் உள்ள ஒவ்வொன்றும் எந்த அறிவியலுக்குச் சொந்தம் என்று திணை என்ற அந்த எந்திர அறிவு தீர்மானிக்கும். அந்தத் துறையின் விதிப்படிதான் அதற்கு எல்லாம் நடக்கும். இயற்கையைப் படிக்கும் துறைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம், மனிதரைப் படிக்கும் துறைகள் அந்தப் பக்கம். எந்திரத்தின் பெயர் வசதியாக அமைந்துவிட்டதால் அலுவலகத்தில் எல்லோரும் அவற்றை அஃறிணை, உயர்திணை என்றே சொல்லப் பழகியிருந்தார்கள். நாளடைவில் திணையும் அந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டது.

நல்லதும் நடந்தது. அடுத்து வந்த பெருமழையில் மாநிலத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. இளவெயினி அதை நேரில் பார்த்தவள். அவள் நெடுந்துறையின் நிலவகை அலுவலர். திணைக்குச் சந்தேகம் வரும் இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்வது அவள் வேலை. அந்த வேலையில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

கோரைத்திட்டைத் திணை முதலில் இரண்டாகப் பிரித்தது. மணல், கடலோர நிலவுருவியலுக்கு. மனிதர்கள், மக்கள் புவியியலுக்கு. மக்கள் புவியியலின் விதியோ மக்களுக்கு நிலையான இடம் வேண்டும் என்றது. நகரும் ஒன்று எப்படி இடமாகும்? ஆகவே நாற்பது குடும்பங்களும் தைக்குள் உள்நாட்டில் ஒரு நூற்பாலைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் அடுக்குவீடுகளுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆட்சேபம் சொல்ல வந்தவள் தில்லையம்மா. திட்டில் சனங்கள் கூடிப் பேசினால் கடைசியில் அவள் சொல்வதுதான் நடக்கும். இளவெயினி வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்தைத் தாண்டியவள். மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

"அந்த வூட்டை நான் போயிப் பாத்துட்டு வந்தேன் மேடம்" என்றாள். "நல்ல வூடுதான். குழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. மாடியில நின்னு எட்டிப் பாத்தா எங்கயும் தண்ணி இல்ல. எங்க வூட்டுக்காரரு அங்க என்னாத்தப் புடிப்பாரு, பல்லியா?"

இளவெயினி திட்டுக்குப் போனாள். வடக்கு முனையில் பெண்கள் மணலைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடியை வெட்டி வந்து புது மணலில் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பனங்கழிகளை வரிசையாக அடித்து, நடுவில் ஆற்றுக் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார்கள். வீடு கட்ட இடம் வேண்டுமே என்று செய்கிற வேலை. பேச்சும் சிரிப்புமாக நடந்துகொண்டிருந்தது. அலுவலகம் திரும்பிய இளவெயினி பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு காலத்தில் அந்த முகத்துவாரத்தில் கோரைத்திட்டோடு இன்னும் மூன்று திட்டுகள் இருந்திருக்கின்றன. மூன்றிலும் ஆள் கிடையாது. மூன்றையும் கடல் கரைத்துவிட்டது. நின்றது இது ஒன்றுதான்.

திட்டைப் பிடித்து நிறுத்தியது இந்த மனிதர்களின் கைதான். வாதம் கிடைத்துவிட்டது.

மறுபரிசீலனைக் குழுவின் தலைவர் அருளானந்தம், கல்லூரியில் புவியியல் தத்துவம் நடத்திவிட்டு அரசுப் பணிக்கு வந்தவர். விசாரணைக்கு முன்பு அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"துறையைப் பொருளை வச்சுப் பிரிக்கணும்ன்றது ஒரு கட்சி, இளவெயினி. பாக்கற முறையை வச்சுப் பிரிக்கணும்ன்றது இன்னொரு கட்சி. ஒரே மணலை நீங்க ஒரு மாதிரி பாக்கலாம், நான் ஒரு மாதிரி பாக்கலாம், ரெண்டும் அறிவியல்தான்னு சொல்றவங்க அவங்க. நானும் அந்தக் கட்சிதான். ஆனா திணை முதல் கட்சி. அதுக்குப் பொருள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதோட பாஷையிலயே பேசுங்க."

"அதோட பாஷையிலதான் சார் பேசப்போறேன்."

கூடத்தில் தில்லையம்மாவும் திட்டுக்காரர்கள் பத்துப் பேரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சுவர் அகலத்துக்குத் திரை. இளவெயினி நான்கு திட்டுகளின் படங்களையும் ஓடவிட்டாள். மூன்று கரைந்தன, ஒன்று நகர்ந்தது.

"மனுஷங்க இல்லாம இந்த மணல் இல்ல" என்றாள். "இந்த மணல் இல்லாம இந்த மனுஷங்களும் இல்ல. இவங்களை அடுக்குவீட்டுக்கு அனுப்பினா அங்க போய்ச் சேர்றது வேற யாரோ. இங்க மிஞ்சறது வெறும் தண்ணி. இதை ரெண்டா வெட்ட முடியாது."

திரையில் எழுத்து வந்தது. 'மணலும் மனிதர்களும் பிரிக்க முடியாத ஒரே பொருள் என்பது உங்கள் வாதமா?'

"ஆமா."

'எந்தச் சூழலிலும்?'

பின்வரிசையிலிருந்து தில்லையம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சூழலிலும்."

'வாதம் ஏற்கப்பட்டது. கோரைத்திட்டு ஒரே பொருள். இடமாற்ற உத்தரவு நீக்கப்படுகிறது.'

கூடமே ஆரவாரித்தது. தில்லையம்மா ஓடி வந்து இளவெயினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அலுவலக வாசலுக்கு ஒரு பெரிய கொடுவா மீன் வந்து சேர்ந்தது, வாழையிலையில் சுற்றி, செவுளுக்குள் ஒரு செம்பருத்தி செருகி.

முதலில் நின்றது மருத்துவப் படகு. பழுது என்று நினைத்தார்கள். அடுத்து பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் தில்லையம்மா ரேஷன் கடையிலிருந்தே போன் செய்தாள்.

"மேடம், இங்க மிசின்ல கையை வச்சா என்னமோ எழுதுது. கடைக்காரத் தம்பி படிச்சிட்டுச் சிரிக்கிறாப்ல. நீங்களே கேளுங்க."

கடைக்காரன் தயங்கித் தயங்கிப் படித்தான். "'தில்லையம்மா வந்துள்ளது. அது கோரைத்திட்டின் பகுதி. கோரைத்திட்டுக்கு உணவு தேவைப்படாது.' இதான் மேடம் வருது. நான் என்ன பண்றது?"

"அதுவாம்ல நானு" என்று போனில் மறுபடி தில்லையம்மாவின் குரல் கேட்டது, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "எங்க மாமியா சாகுற வரைக்கும் என்னைய அதுன்னுதான் கூப்டுச்சு. ஆனா அரிசி போட்டுச்சு."

இளவெயினி திணையைத் திறந்து கேட்டாள். பதில் உடனே வந்தது. கோரைத்திட்டு: ஒரே பொருள். துறை: கடலோர நிலவுருவியல். அதில் அடங்குபவை: மணல், கிளிஞ்சல், களிமண், கொடி, நண்டு, மனிதர். இயற்கை நிகழ்வு. கவனிக்கலாம், தலையிடக் கூடாது.

அருளானந்தத்தின் அறைக்குள் அவள் நுழைந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஒரே பொருள்னா ஒரே துறை. அதைச் சட்டம் சொல்லுது" என்றார். "எந்தத் துறைன்னு திணை பாத்திருக்கு. ரெண்டு பக்கமும் உரிமை இருந்தா, எது முந்தியோ அந்தப் பக்கம். மணல் மனுஷனுக்கு முந்தி."

"அப்ப உயர்திணைப் பக்கம் வச்சிருக்கக் கூடாதா சார்? நாப்பது குடும்பம்!"

"வைக்கலாம். நானா இருந்தா வச்சிருப்பேன். ஆனா அது தப்பா எதுவும் செய்யலியே இளவெயினி. நம்ம கொடுத்த விதியைத்தான் போட்டுப் பாத்திருக்கு."

"சரி. நான் சொன்னது தப்பு. மறுபடி ரெண்டாப் பிரிக்கச் சொல்றேன். அடுக்குவீட்டுக்கே போகட்டும், அரிசியாவது கிடைக்கும்."

"நேத்தே கேட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பொருள் மாறிடுச்சா, இல்ல உங்க மனசு மாறிடுச்சான்னு கேக்குது. பொருள் மாறியிருந்தா ஆதாரம் கொடுன்னுது. மனசு மாறினதுக்கு அதுக்கிட்ட வழியில்ல."

"மந்திரிகிட்டப் போலாமா?"

"போனேன். 'நாலு வாய் பேசி மூணு ஊரு முழுகினது மறந்துபோச்சா சார்'னு கேக்கறார். என்ன சொல்றது நான்?"

அவள் தலைநகருக்கு மூன்று தடவை போய் வந்தாள். போன இடமெல்லாம் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். காபி கொடுத்தார்கள். ஒருவர் கண் கலங்கக்கூடச் செய்தார். எல்லோரும் கடைசியில் அதே திரையைத்தான் அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள்.

திட்டுக்காரர்கள் மீனை விற்று வெளியில் அரிசி வாங்கினார்கள். தில்லையம்மாவின் மருமகள் பூங்காவனத்துக்கு வலி எடுத்தபோது நெடுந்துறை செவிலியர், திணை என்ன சொன்னாலும் சரி என்று தன் வீட்டுத் திண்ணையில் கட்டிலைப் போட்டுப் பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை. பிறப்பைப் பதிந்ததும் திரையில், 'கோரைத்திட்டில் இயல்பான பெருக்கம்: ஒன்று' என்று வந்தது. செவிலியர் அதைப் பூங்காவனத்திடம் காட்டவில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. நெடுந்துறைக்காரர்கள் போன்களில் எச்சரிக்கை அலறியது. பள்ளிக்கூடத்துக்கு எப்போது வர வேண்டும், எதை எடுத்து வர வேண்டும் என்று தெருத் தெருவாகச் செய்தி வந்தது. திட்டில் ஒரு போனும் அலறவில்லை.

இளவெயினி பேரிடர் மையத்தைக் கூப்பிட்டாள். எடுத்தது ஒரு இளம்பெண்.

"மேடம், கோரைத்திட்டு எனக்கு ஊரு வரிசையில வரல. இயற்கைப் பொருள்ல வருது. புயல்ல நகரும்னு போட்டிருக்கு. நகர்றது அதோட இயல்பாம்."

"அங்க ஆளுங்க இருக்காங்கம்மா! கைக்குழந்தை இருக்கு!"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "தெரியுது மேடம். நானும் மீன்காரவங்க வீட்டுப் பொண்ணுதான். படகுக்கு உத்தரவு போட்டேன்னா இந்தத் திரை வாங்க மாட்டேங்குது மேடம். மூணு வாட்டி போட்டுட்டேன்."

இளவெயினி துறைக்கு ஓடினாள். அமலதாஸ் தன் விசைப்படகைக் கரையில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நெடுந்துறையில் பெரிய படகு அவருடையதுதான். அவள் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"திணை உட்டா என்ன, உடாட்டி என்ன மேடம். கடல்ல தத்தளிக்கிறவன ஏத்தாதவன் கடலுக்குப் போவக் கூடாது."

அவரைப் பார்த்து இன்னும் ஆறு படகுகள் கிளம்பின. மத்தியானத்துக்குள் திட்டில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் ஏற்றிக்கொண்டு, அவர்களுடைய தோணிகளையும் பின்னால் கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். நெடுந்துறை அவர்களை அணைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் போனபோது தெருவுக்கு நாலு குடும்பம் என்று வீடுகளில் கூட்டிப்போய் வைத்தார்கள். அமலதாஸின் மனைவி சகாயமேரி, பூங்காவனத்தையும் குழந்தையையும் தன் வீட்டு உள்ளறையில் படுக்கவைத்தாள். கோயில் முற்றத்தில் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் வெந்தது. அந்த ஒரு நாள், இளவெயினிக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

புயல் அடித்து ஓய்ந்தது. நெடுந்துறையில் ஓடுகள் பறந்தன, மரங்கள் விழுந்தன, உயிர்ச்சேதம் இல்லை. ஓடு சரிந்து சகாயமேரியின் இடுப்பில் விழுந்து எலும்பு முறிந்ததுதான் பெரிய அடி. அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மின்சாரம் திரும்பியது, தண்ணீர் வண்டிகள் போயின. நெடுந்துறையில் ஒரே ஒரு தெருவைத் தவிர எங்கும் ஒன்றும் வரவில்லை. சகாயமேரிக்காகக் கூப்பிட்ட அவசர ஊர்தி, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டி, ஊர் எல்லைவரை வந்து நின்றது. கொஞ்ச நேரம் விளக்கைச் சுழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அமலதாஸ் மனைவியை ஒரு மீன்வேனில் படுக்கவைத்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் அதே வேனில் அவளோடு திரும்பி வந்தார். வலிக்கு ஒரு ஊசி மட்டும் போட்டிருந்தார்கள்.

"கையை வச்சா 'வந்துள்ளது'ன்னு வருது மேடம்" என்றார். "சகாயமேரி வந்துள்ளதாம். டாக்டரு பாவம், அவரு என்ன பண்ணுவாரு. ஆப்பரேசன் தியேட்டரத் திணை தொறக்க மாட்டேங்குதாம்."

இளவெயினிக்கு அருளானந்தத்திடமிருந்து போன் வந்தது. அவர் குரல் அடங்கியிருந்தது.

"இளவெயினி, அது நகர்ந்துடுச்சு."

"எது சார்?"

"கோரைத்திட்டு. நகர்றது அதோட இயல்பு. மணலும் மனுஷங்களும் ஒரே பொருள். மணல்ல பாதியைக் கடல் எடுத்துக்கிச்சு. மனுஷங்க முழுசா கரையில இருக்காங்க. அப்ப அது இப்ப எங்க இருக்கு? நெடுந்துறையில இருக்கு."

"ஊரு அங்கதானே சார் இருக்கு! ஊரு மேல எப்படி..."

"கடல் ஊரைத் தின்னா அந்த இடம் கடலா ஊரா? கடல்தான். நகர்ற பொருள் நிக்கற பொருள் மேல வந்தா, நகர்றதுதான் கணக்கு. கரை அரிப்புக்காக எழுதின விதி அது. நல்ல விதி. எந்தெந்த வீட்டுல அவங்க தங்கியிருக்காங்களோ, அந்த வீடெல்லாம் திட்டு. அந்த வீட்டு ஆளுங்களும்."

"அவங்களை ஆளுக்கொரு ஊருக்குப் பிரிச்சு அனுப்பினா?"

"போற ஊரெல்லாம்."

"அப்ப திரும்பி அங்கயே போயிட்டா?"

"அதே விதிதான். கடல் வத்தினா, நிலம் பழையபடி நிலம்."

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. திட்டுக்காரர்கள் தங்காத தெரு ஒன்றே ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தால் சனங்களுக்குப் புரியாதா? யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கோயில் முற்றத்தில் அண்டா வைத்தார்கள், ஆனால் ஒன்றுதான். குழந்தைகள் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தன. தாய்மார்கள் வந்து, குளிக்க வேண்டும் என்று தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். தெருமுனைகளில் ஆண்கள் நின்று பேசினார்கள், திட்டுக்காரர்கள் வந்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

சகாயமேரி இரண்டாம் நாள் காய்ச்சலில் புலம்ப ஆரம்பித்தாள். உள்ளறையில் பூங்காவனம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த சுவரில் சாய்ந்து அமலதாஸ் உட்கார்ந்திருந்ததை இளவெயினி பார்த்தாள். அவர் உள்ளறைப் பக்கம் திரும்பவே இல்லை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணும் கேக்கல மேடம்" என்றார். "யாரையும் போன்னு நான் சொல்ல மாட்டேன்."

மறுபடி அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

காலையில் இளவெயினி துறைக்குப் போனபோது தோணிகள் தண்ணீரில் நின்றன. திட்டுக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தில்லையம்மா முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரையில் ஊரே நின்றது. ஒருவரும் போகச் சொல்லவில்லை. நில்லுங்கள் என்று சொன்ன ஒருவரும் இல்லை.

"யாரு சொன்னது உங்களுக்கு?" என்றாள் இளவெயினி.

"யாரும் சொல்லலக்கா." மேடம் என்பது எப்போது அக்காவாக மாறியது என்று இளவெயினிக்குத் தெரியவில்லை. "அந்தப் பொம்பள ராத்திரியெல்லாம் முனகுச்சு. எம் பேத்தியத் தூக்கிட்டு வந்து அது கையிலதான் மொதல்ல குடுத்தேன். எனக்குக் கண்ணு இல்லியா, காது இல்லியா?"

"திட்டுல என்ன மிஞ்சியிருக்குன்னே தெரியாது தில்லையம்மா. தண்ணி? வீடு?"

"வடக்கு முனை கொஞ்சம் நிக்கிது. காலையில எங்க ஆளுங்க போயிப் பாத்துட்டு வந்துட்டாங்க. அடப்பங்கொடி இருக்கு. கழி நாங்க கொண்டுபோறோம்."

"நான் தப்பாப் பேசிட்டேன். அன்னைக்குக் கூடத்துல."

"என்ன தப்பாப் பேசுன?" தில்லையம்மா நிமிர்ந்தாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நாங்களும் மண்ணும் ஒண்ணுன்னு சொன்ன. அது நெசந்தான? எங்கள யாரும் அப்டிச் சொன்னதில்ல. எங்க ஆளுங்க இன்னமும் அதச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுறாங்க."

இளவெயினி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். "நானும் வரேன்."

தில்லையம்மா அவள் தோளில் கையை வைத்துத் தடுத்தாள். பலமாகத் தள்ளவில்லை, தாங்குவது போலத்தான் வைத்தாள்.

"நீ எதுக்கு? நீ ஏறுனா நீயும் அதுவாயிடுவ. அப்புறம் எங்களுக்காவப் போயிப் பேச மனுஷின்னு ஒருத்தி வேணாமா?"

யாரிடம் போய்ப் பேசுவது என்று இளவெயினி கேட்கவில்லை. தில்லையம்மா கடைசித் தோணியில் ஏறி உட்கார்ந்து, பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். துடுப்புகள் விழுந்தன. தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்று வாயைக் கடந்தன.

அவை முகத்துவாரத்தின் நடுவை எட்டியபோது கரையில் ஒரு போன் ஒலித்தது. உடனே இன்னொன்று. அப்புறம் கூட்டம் முழுக்க, மழை பிடித்ததுபோல. ஊருக்குள் எங்கோ தண்ணீர் மோட்டார் உறுமிக் கிளம்பியது. யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து அவசர ஊர்தியின் ஊளை நெருங்கி வந்தது. அமலதாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். அவருக்கு எல்லோரும் வழிவிட்டார்கள்.

இளவெயினி முழங்கால் தண்ணீரில் நின்றபடி தன் போனைப் பார்த்தாள்.

'நெடுந்துறை. குடியிருப்பு. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? ஆம் என்று அழுத்தவும். பதில் வராவிட்டால் உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள்.'

சுற்றிலும் எல்லோரும் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தோணிகளைத் தேடினாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. எது தோணி, எது அலை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. போன் மறுபடி ஒருமுறை பொறுமையாகக் கேட்டது.

அவள் ஆம் என்று அழுத்தினாள்.